தண்ணீர் கூடவில்லை, சுமை கூடியது: மலையகப் பால் நிலையம் ஒன்றின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

நுவரெலியா மாவட்டத்தில், கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீற்றர் உயரத்தில், தேயிலை மலைகளுக்கு நடுவே ஒரு சிறிய பால் பதனிடும் நிலையம் இருக்கிறது. சுற்றியுள்ள தோட்டங்களின் லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், மாடு வளர்க்கும் குடும்பங்கள் காலையும் மாலையும் கேன்களில் பால் கொண்டுவந்து ஊற்றும். நாளொன்றுக்கு ஏறக்குறைய 4,000 லீற்றர் வரும். அதில் பெரும்பகுதி குளிரூட்டப்பட்டு வெளியே போகும், மீதி யோகட்டும் தயிருமாக மாறும்.

கேன், தொட்டி, குழாய், தரை எல்லாவற்றையும் கழுவும் தண்ணீர்தான் இங்கே கழிவுநீர். நாளுக்கு 12 கனமீற்றர். முதலில் கொழுப்புப் பிடிக்கும் தொட்டி, அப்புறம் கழிவைச் சேர்த்துக் கலந்து சீராக்கும் 4 கனமீற்றர் சேர்க்கைத் தொட்டி, அடுத்து 60 கனமீற்றர் காற்றூட்டுத் தொட்டி, கடைசியில் படிவுத் தொட்டி. தெளிந்த நீர் கான் (வடிகால்) வழியாகக் கீழே ஓடும் சிற்றோடையில் விழும். நாளுக்கு 15 கனமீற்றர் வரை, லீற்றருக்கு 1,500 மில்லிகிராம் பிஓடி வரை தாங்கும்படி இந்த அமைப்பு வடிவமைக்கப்பட்டிருந்தது. அதாவது நாளுக்கு 22.5 கிலோ பிஓடி. நீரில் உள்ள கரிமப் பொருளை நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது அவற்றுக்குத் தேவைப்படும் ஒட்சிசனின் அளவே பிஓடி. அந்த ஒட்சிசனை நாம் தொட்டியில் கொடுக்காவிட்டால் ஓடை தன்னிடம் உள்ளதைக் கொடுக்கும், மீனும் புழுவும் மூச்சு முட்டிச் சாகும்.

ஓடை கீழே போய் கொத்மலை ஓயாவில் சேர்கிறது. அங்கிருந்து தலவாக்கலையில் உள்ள மேல் கொத்மலை நீர்த்தேக்கம், பிறகு மகாவலி. ஆனால் அதற்கு வெகு முன்பே, நிலையத்திலிருந்து அரைக் கிலோமீற்றர் கீழே, இரண்டு லயங்களின் ஆட்கள் அந்த ஓடையில்தான் துணி துவைப்பார்கள், மாடு குளிப்பாட்டுவார்கள். குடிக்க அவர்களுக்கு வேறு ஊற்றிலிருந்து பீலி வருகிறது. அது இந்த நிகழ்வில் எங்களுக்கு வாய்த்த பெரிய நல்வாய்ப்பு.

இலங்கையில் உள்நாட்டு நீர்நிலைகளில் விடும் தொழிற்சாலைக் கழிவுநீருக்கு 2008ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் ஒழுங்குவிதிகள் எல்லைகளை வைத்தன. பிஓடி லீற்றருக்கு 30 மில்லிகிராம், சிஓடி (கரிமப் பொருளை இரசாயன முறையில் சிதைக்கத் தேவையான ஒட்சிசன்) 250, நீரில் தொங்கும் திண்மம் 50, அமில-கார அளவான பிஎச் 6.0 முதல் 8.5 வரை. நிலையம் பல ஆண்டுகளாக இந்த எல்லைக்குள் இருந்தது. டிசம்பரில் எடுத்த மாதிரியிலும் பிஓடி 24தான்.

நான் அந்த நிலையத்தில் வேலை செய்பவன் அல்ல. ஹோட்டல்களின் சிறிய சுத்திகரிப்பு அமைப்புகளைப் பார்த்துக்கொள்ளும் தொழில்நுட்பவியலாளன். ஜனவரி கடைசியில் முகாமையாளர் என்னை அழைத்தார்.

முதல் அறிகுறிகள்

மாட்டுப் பொங்கல் அன்று மாடுகளைக் குளிப்பாட்ட ஓடைக்குக் கொண்டுபோனவர்கள்தான் இதை முதலில் கண்டார்கள். கல்லெல்லாம் வழுக்கியது. கல்லின் மேல் சாம்பல் கலந்த வெள்ளை நிறத்தில், நனைந்த பஞ்சுபோல ஒன்று படர்ந்திருந்தது. சில மாடுகள் தண்ணீரில் வாய் வைக்கவில்லை. அந்த மாடுகளின் பால்தான் நிலையத்துக்கு வருகிறது என்பதால், மறுநாள் காலை கேனோடு வந்தவர்களே விஷயத்தையும் கொண்டுவந்தார்கள். பால் அளப்பவர் அதைக் கேட்டுக்கொண்டார், எழுதி வைக்கவில்லை. பத்து நாள் அப்படியே போனது.

பஞ்சுபோல இருந்தது இழை வடிவ பக்டீரியாக் கூட்டம். எளிதில் சிதையும் சீனிப் பொருள் நிறைந்த கழிவு ஓடையில் கலந்தால் இது வளரும். பால் ஆலைகளின் கீழ்ப்புறத்தில் இதைக் கண்டால் ஆய்வுகூட அறிக்கைக்குக் காத்திருக்கத் தேவையில்லை, கழிவு சுத்தமாகாமல் போகிறது என்று அர்த்தம்.

நான் போன அன்று காற்றூட்டுத் தொட்டியில் கரைந்த ஒட்சிசன் லீற்றருக்கு 0.3 மில்லிகிராம் இருந்தது. குறைந்தது 2 இருக்க வேண்டும். பிஎச் 5.6. புளித்த வெண்ணெய் நாற்றம். ஒரு லீற்றர் கண்ணாடிக் குவளையில் தொட்டி நீரை எடுத்து 30 நிமிடம் அசையாமல் வைத்தேன். முன்பெல்லாம் கசடு, அதாவது கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்க் கூட்டம், 350 மில்லிலீற்றர் வரை இறங்கும் என்று பதிவேட்டில் இருந்தது, அன்று 880இல் நின்றுவிட்டது. கசட்டின் செறிவு லீற்றருக்கு 3,600 மில்லிகிராம். இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால் கசட்டுக் கனவளவுச் சுட்டி 244. 150ஐத் தாண்டினாலே கசடு உப்பிவிட்டது என்போம். உப்பிய கசடு படியாது, படிவுத் தொட்டியின் விளிம்பைத் தாண்டி வெளியேறும். கான் முழுக்கப் பழுப்புச் சேறாக இருந்ததன் காரணம் அதுதான்.

முதல் இரண்டு வாரம்: நான் தவறிய இடம்

இந்தப் பகுதியைச் சுருக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் நான் செய்ததைப் பலரும் செய்வதைப் பார்த்திருக்கிறேன்.

முதலில் நீர் அளவுப் பதிவைப் பார்த்தேன். நவம்பரில் நாளுக்கு 12 கனமீற்றர், ஜனவரியில் 12 முதல் 12.7 வரை. பெரிய மாற்றம் இல்லை. ஆகவே வரும் கழிவில் பிரச்சினை இல்லை என்று முடிவு கட்டினேன். அந்த ஒரு முடிவு மற்ற எல்லாவற்றையும் கெடுத்தது.

குறை உள்ளேதான் என்று நினைத்ததும், காரணங்கள் கைக்கெட்டும் தூரத்தில் கிடைத்தன. ஜனவரிக் குளிரில் தொட்டி நீரின் வெப்பநிலை 15 பாகை. குளிரில் நுண்ணுயிர்கள் மெதுவாக வேலை செய்யும், அது உண்மை. இந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. அதனால் தொட்டிக்குக் காற்றூதும் ப்ளோவர் ஒவ்வொரு சுற்றிலும் உள்ளே தள்ளும் காற்றில் ஒட்சிசனும் அதே அளவு குறைவு. ப்ளோவரின் தகட்டில் இருந்த எண்ணை வைத்துக் கடல் மட்டத்திலுள்ள கொழும்புக் கணக்கில் வாங்கியிருந்தார்கள், அதுவும் உண்மை. இரண்டு உண்மைகள் கையில் இருந்ததால் மூன்றாவதைத் தேடவில்லை. குளிரும் உயரமும் போன வருடமும் அங்கேதான் இருந்தன, அப்போது தொட்டி நன்றாக ஓடியது என்பதை நான் யோசித்திருக்க வேண்டும்.

மாற்று ப்ளோவரையும் சேர்த்து இரண்டையும் இருபத்துநான்கு மணி நேரமும் ஓட்டச் சொன்னேன். ஒட்சிசன் 0.3இலிருந்து 0.7க்கு வந்தது, நுரை சுவரைத் தாண்டி வழிந்தது. ஒரு விற்பனையாளர் கொடுத்த பக்டீரியாத் தூளைப் போட்டோம், எந்த மாற்றமும் இல்லை. அப்புறம், கசடு மிகப் பழையதாகிவிட்டது என்று எண்ணி நாள்தோறும் நிறையக் கசட்டை வெளியே எடுக்கச் சொன்னேன். எட்டு நாளில் செறிவு 3,600இலிருந்து 2,200க்கு இறங்கியது. குவளையில் கசடு கொஞ்சம் கீழே இறங்கியதைப் பார்த்து மகிழ்ந்தோம். உண்மையில் வேலை செய்யும் உயிர்களை நாங்களே குறைத்துவிட்டோம். மீதியிருந்த ஒவ்வொன்றின் மேலும் சுமை கூடியது. அந்த வாரம்தான் ஓடை மிக மோசமாக இருந்தது.

நாற்றத்துக்கு நாள் உண்டு

பெப்ரவரி நடுவில் ஒரு காலை, பால் ஊற்ற வந்த ஓர் அம்மாவிடம் ஓடையைப் பற்றிக் கேட்டேன். கீழ் லயத்தில் இருப்பவர், மூன்று மாடு வைத்திருக்கிறார். அவர் சொன்னதை அன்றே எழுதி வைத்தேன்:

“எல்லா நாளும் இல்ல தம்பி. செவ்வாய், வியாழன், சனி விடியக்காலைதான் கூடுதலா மணக்கும். ஞாயித்துக்கிழமை போனா பரவாயில்லாம இருக்கும். நாங்க இப்ப துணியெல்லாம் சேத்து வச்சி ஞாயித்துக்கிழமைதான் துவைக்கிறோம்.”

குளிருக்குக் கிழமை தெரியாது. ப்ளோவருக்கும் தெரியாது. திங்கள், புதன், வெள்ளியில் உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டேன். “அன்னைக்கு சீஸ் போடுறோம் சேர்” என்றார் உற்பத்திப் பகுதியில் நின்ற பையன்.

ஏப்ரல் சீசனுக்கு முன் ஹோட்டல்களுக்குக் கொடுப்பதற்காக, டிசம்பர் இரண்டாம் வாரம் சீஸ் செய்யத் தொடங்கியிருந்தார்கள். ஒரு தடவைக்கு 800 லீற்றர் பால். அதிலிருந்து 80 கிலோ சீஸ் எடுத்த பிறகு ஏறக்குறைய 700 லீற்றர் தெளிந்த நீர் மிஞ்சும். அங்கே அதைச் ‘சீஸ் தண்ணி’ என்றார்கள். பிற்பகல் மூன்று மணிக்கு வால்வைத் திறந்து அதைக் கானில் விட்டுவிடுவார்கள். பார்க்கப் பச்சை கலந்த மஞ்சள் நிறத்தில் தெளிவாக இருக்கும், கழிவு மாதிரியே தெரியாது. தொட்டியைப் பார்க்கும் ஒப்பரேட்டருக்கு இதை யாரும் சொல்லவில்லை. மறைக்கும் எண்ணம் யாருக்கும் இருக்கவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

பாலில் உள்ள சீனிச்சத்தில் பெரும்பகுதி சீஸ் தண்ணியில்தான் தங்கும். அதன் பிஓடி லீற்றருக்கு 30,000 முதல் 50,000 மில்லிகிராம். நடுவில் 40,000 என்று வைத்தால் 700 லீற்றரில் 28 கிலோ. வழக்கமான கழிவிலிருந்து வருவது 18 கிலோ. சேர்த்தால் 46 கிலோ, அதாவது வடிவமைப்பு அளவைவிட இரு மடங்குக்குச் சற்று அதிகம். தண்ணீர் கூடியதோ நூற்றுக்கு ஆறு. ஒருவர் ஒரு நாளில் கழிவில் விடும் பிஓடி ஏறக்குறைய 60 கிராம் என்று கணக்கிடுவது வழக்கம். அப்படிப் பார்த்தால் அந்த 700 லீற்றர், 460க்கும் மேற்பட்ட மனிதரின் கழிவுக்குச் சமம். கீழே உள்ள இரண்டு லயங்களிலும் சேர்த்து அத்தனை பேர் இல்லை.

டிசம்பர் மாதிரி ஏன் தேறியது என்பதும் அப்போது விளங்கியது. நிலையத்தின் மாதிரியை எப்போதும் திங்கள் காலை ஒன்பது மணிக்கு எடுப்பார்கள், ஏனென்றால் ஆய்வுகூடத்துக்குப் போகும் வாகனம் அன்றுதான் வரும். சனி, ஞாயிறு ஓய்வுக்குப் பின், அடுத்த சீஸ் தண்ணி இறங்குவதற்கு முன், கிழமையிலேயே மிகச் சுத்தமான நேரம் அது. அறிக்கை பொய் சொல்லவில்லை, திங்கள் காலை ஒன்பது மணியைப் பற்றி மட்டும் சொன்னது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

அன்று பிற்பகலே சீஸ் தண்ணி கானுக்குப் போவதை நிறுத்தினோம். 1,000 லீற்றர் பிளாஸ்டிக் தொட்டிகள் இரண்டு வாங்கி வைத்தார்கள். பக்கத்தில் பன்றி வளர்ப்பவர் ஒருவர் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளச் சம்மதித்தார். மீதியைப் பால் ஊற்றுபவர்கள் மாட்டுக்குக் கொண்டுபோனார்கள். அன்றன்றே கொடுத்துவிட வேண்டும், தொடக்கத்தில் ஒரு மாட்டுக்கு நாளுக்கு 10 லீற்றரைத் தாண்ட வேண்டாம், மெதுவாகப் பழக்குங்கள் என்று கால்நடை வைத்தியர் சொன்னார். சீனிச்சத்து திடீரென்று கூடினால் மாட்டின் வயிறு கெடும். சீஸ் தண்ணி கொண்டுபோகும் கேன் பால் கேனோடு கலந்துவிடக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். புளித்த மிச்சம் ஒட்டிய ஒரு கேன் போதும், நூறு லீற்றர் பால் திரிந்துபோகும். அந்தக் கேன்களின் கழுத்தில் சிவப்புப் பெயின்ட் அடித்தோம்.

முகாமையாளர் இன்னொரு யோசனை சொன்னார். சீஸ் தண்ணியைச் சூடாக்கிப் புளிப்புச் சேர்த்தால் மென்மையான இன்னொரு சீஸ் திரண்டு வரும், அதையும் விற்கலாமே என்றார். நல்ல யோசனைதான், வருமானமும் வரும். ஆனால் அதில் வெளியே வருவது புரதம். சீனிச்சத்து நீரிலேயே தங்கிவிடும், பிஓடியின் பெரும்பகுதி அந்தச் சீனிதான். ஆகவே அது வியாபாரத்துக்கான தீர்வு, ஓடைக்கானதாக இருக்காது என்று சொன்னேன். அவர் அதைப் பிறகு பார்ப்போம் என்று விட்டுவிட்டார்.

அடுத்தது சேர்க்கைத் தொட்டி. 4 கனமீற்றர் என்பது நாளின் கழிவில் மூன்றில் ஒரு பங்குதான். காலைக் கழுவலில் வரும் கோஸ்டிக் சோடாவும் பிற்பகலில் வரும் நைத்திரிக் அமிலமும் தனித்தனியாகவே காற்றூட்டுத் தொட்டிக்குப் போய்க்கொண்டிருந்தன. வளவில் 12 கனமீற்றர் பழைய சீமெந்துத் தொட்டி ஒன்று பயன்படாமல் கிடந்தது. அதன் வெடிப்பை அடைத்து, முன்னதோடு இணைத்தோம். இப்போது காரமும் அமிலமும் அங்கேயே ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன. சிறு பம்பு ஒன்று இரவு முழுக்கச் சீராக நீரைத் தள்ளுகிறது. பால் தொட்டியைக் கழுவும்போது முதலில் வரும் வெள்ளைத் தண்ணீரையும் வாளியில் பிடித்து மாட்டுக்கு அனுப்பத் தொடங்கினார்கள்.

கசடு எடுப்பதை முற்றாக நிறுத்தினேன். ஒரு ஹோட்டல் அமைப்பிலிருந்து நன்றாகப் படியும் கசடு 3 கனமீற்றரைப் பவுசரில் கொண்டுவந்து ஊற்றினோம். இழை பக்டீரியாவைக் கொல்லக் குளோரின் போடலாமா என்ற கேள்வியும் வந்தது. போடவில்லை. ஏற்கெனவே மெலிந்துபோன கூட்டம், அதில் நல்லதும் சாகும். உணவும் காற்றும் சரியானால் இழைகள் தாமாகப் பின்வாங்கும் என்று காத்திருக்க முடிவு செய்தேன்.

கீழே உள்ளவர்களிடம் சொல்வதா என்பதில்தான் நீண்ட பேச்சு நடந்தது. சொன்னால் முறைப்பாடாகிவிடும், அனுமதிப்பத்திரத்துக்குச் சிக்கல் வரும் என்று நிலையத்தில் பயம். அவர்களுக்குத்தான் எங்களுக்கு முன்பே தெரியுமே என்றேன். கடைசியில் முகாமையாளரே லயத்துக்குப் போய், என்ன நடந்தது, எத்தனை நாள் ஓடையில் இறங்க வேண்டாம் என்று சொன்னார். நான்கு கிழமைக்கு ஒன்றுவிட்ட ஒரு நாள் பவுசரில் கழுவும் தண்ணீர் அனுப்பினார். அதிகாரிகளுக்கும் எழுத்தில் அறிவித்தார். இந்த நிகழ்வில் மிகச் சரியாக நடந்த காரியம் அது என்று நினைக்கிறேன்.

தொட்டிக்குள் இறங்க விடாதது

பழைய சேர்க்கைத் தொட்டியின் அடியில் கொழுப்பும் சேறும் கெட்டியாக உறைந்து, பம்பின் வாயை அடைத்துவிட்டது. குளிரில் கொழுப்பு மெழுகுபோல இறுகும். ஒரு தொழிலாளி, எப்போதும் செய்வதுபோல, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியை எடுத்தார். “ரெண்டு நிமிச வேலை சேர்” என்றார்.

நிறுத்தினேன். காற்றில்லாமல் அழுகும் பால் சேற்றைக் கிளறினால் ஐதரசன் சல்பைட்டு வெளிவரும். அது காற்றைவிடக் கனமானது, தொட்டியின் அடியிலேயே தேங்கும். செறிவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது, நாற்றம் போய்விட்டது என்று நம்பி உள்ளே போவார்கள். ஒருவர் விழுந்தால் தூக்கப் போகிறவரும் விழுவார். வாயு அளக்கும் கருவி எங்களிடம் இல்லை. இறங்குகிறவரைக் கட்டி இழுக்கும் கயிறும் பட்டியும்கூட இல்லை. ஆகவே யாரும் இறங்குவதில்லை என்று முடிவு. மேலிருந்து சுடுநீர் பீய்ச்சி, நீண்ட மூங்கிலில் கட்டிய மண்வெட்டியால் கலக்கி, பவுசரால் உறிஞ்சி எடுத்தோம். இரண்டு நிமிட வேலைக்கு ஒரு நாள் போனது. அந்த மனிதருக்குப் பதினைந்து வருடமாக இதுதான் வேலை, இதுவரை எத்தனை தடவை இறங்கியிருப்பார் என்று நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது.

மீண்டு வந்த விதம்

சீஸ் தண்ணி நின்ற மூன்றாம் நாள் ஒட்சிசன் 1.5க்கு ஏறியது. ஒரு கிழமையில் 2ஐத் தாண்டியது, இரண்டாவது ப்ளோவரை நிறுத்தினோம். பிஎச் 7க்குப் பக்கத்தில் நின்றது. கசடு மட்டும் அவசரப்படவில்லை. 15 பாகைக் குளிரில் புதிய கூட்டம் வளர நாள் எடுக்கும். நான்காம் கிழமை முடிவில், புதன் பிற்பகலில் எடுத்த மாதிரியில் பிஓடி 28. ஆறாம் கிழமையில் சுட்டி 140. ஓடைக் கற்களிலிருந்த வெள்ளைப் படலம் முதலில் கறுத்து, அப்புறம் உரிந்து போனது. மார்ச் கடைசியில் பெய்த முதல் நல்ல மழையோடு கல் வெளியே தெரிந்தது.

சுத்தமான நீரை எங்கே விடுவது

மார்ச் என்பது இந்தப் பக்கத்தில் வறண்ட காலம். நிலையத்துக்கு நீர் தரும் மேல் ஊற்று மெலிந்து, பவுசரில் காசு கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். சுத்திகரித்த நீரை வீணாக விடுகிறோமே என்று ஒப்பரேட்டர்தான் கேட்டார். மணல் வடிகட்டியும் குளோரின் சொட்டும் கருவியும் சேர்த்து, நாளுக்கு 5 கனமீற்றர் வரை திரும்பப் பயன்படுத்தத் திட்டமிட்டோம்.

எதற்கு வேண்டாம் என்பதை முதலில் எழுதினோம். பால் தொடும் எதற்கும் வேண்டாம், கேன், தொட்டி, தரை உட்பட. வெளி முற்றம், லொறியின் சில்லு, மாட்டுப்புல் இவற்றுக்கு மட்டும். குழாய்க்கு ஊதா நிறம் அடித்து, குடிநீர்க் குழாயோடு எங்கேயும் இணைப்பு வராதபடி தனியாக இழுத்தோம்.

புல் எங்கே நடுவது என்பதில் ஒரு வாக்குவாதம் வந்தது. நிலையத்துக்குச் சொந்தமான தரிசு நிலம் கீழ் லயத்துக்கு நேர் மேலே, சரிவில் இருக்கிறது. சூரியன் நன்றாகப் படும், சிஓ-3 புல் செழிக்கும். நான் வேண்டாம் என்றேன். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை மலையகத்தில் யாரும் மறக்கவில்லை. அங்கே காரணம் பெருமழை, எங்கள் 5 கனமீற்றர் அதற்குப் பக்கத்தில் நிற்காது, தெரியும். ஆனாலும் ஆள் குடியிருக்கும் வீட்டுக்கு மேலே உள்ள சரிவை வருடம் முழுக்க நனைத்து வைக்கும் வேலையை நான் செய்ய மாட்டேன். சாலையோரச் சமதரைத் துண்டு ஒன்று கிடைத்தது, அளவில் பாதிதான். அதில் நட்டார்கள். மே தொடங்கி தென்மேல் பருவமழை இறங்கினால் புல்லுக்குத் தண்ணீரே தேவையில்லை, அப்போது பாய்ச்சுவதை நிறுத்திவிட்டு ஓடைக்கே விடுகிறோம். மறுபயன்பாடு இங்கே நான்கைந்து மாதக் காரியம், அதற்குமேல் எதிர்பார்க்கக் கூடாது.

இன்னொரு விஷயம் தாமதமாகத்தான் கண்ணில் பட்டது. கோஸ்டிக் சோடாவை அமிலத்தால் சமப்படுத்தினால் பிஎச் சரியாகும், சோடியம் எங்கேயும் போகாது. பாய்ச்சிய மண்ணின் மேல்தோல் காய்ந்ததும் இறுகத் தொடங்கியது. கழுவுபவர்கள் சோடாவைக் கைப்பிடியால் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அளவுக் குவளை கொடுத்து, நூற்றுக்கு ஒன்றரைக் கரைசலுக்கு மேல் போகாமல் பார்த்தோம். சோடா வாங்கும் செலவும் குறைந்தது. மழைக்காலத்தில் மண் ஓரளவு கழுவப்படும். என்றாலும் ஒவ்வொரு வறண்ட பருவத்தின் முடிவிலும் மண்ணைச் சோதிக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஏப்ரலில் வந்த இரண்டாம் சறுக்கல்

சீசன் உச்சத்தில் ஒரு வெள்ளி, பன்றிப் பண்ணைக்காரர் வரவில்லை. இரண்டு தொட்டியும் நிறைந்திருந்தன. இரவு வேலையில் இருந்த பையன் பழைய வால்வைத் திறந்து ஏறக்குறைய 400 லீற்றரைக் கானில் விட்டுவிட்டான். காலையில் ஒட்சிசன் 0.6. இந்தமுறை ஒப்பரேட்டருக்கு உடனே விளங்கியது. சேர்க்கைத் தொட்டியிலேயே கழிவைப் பிடித்து வைத்து, இரண்டு நாளில் சொட்டுச் சொட்டாக விட்டு, ஓடைக்குப் பாதிப்பு வராமல் சமாளித்தார்.

பையனை வேலையை விட்டு நிறுத்த வேண்டும் என்றார் மேற்பார்வையாளர். தொட்டி நிறைந்தால் யாரைக் கூப்பிடுவது என்று அவனுக்கு யாராவது சொல்லியிருந்தார்களா என்று கேட்டேன். இல்லை. அந்த வால்வைக் கழற்றி, குழாயைச் சீமெந்தால் அடைத்தார்கள். இரண்டாவதாக ஒரு பண்ணைக்காரரோடும் பேசி வைத்தார்கள். பையன் இன்னும் வேலையில் இருக்கிறான்.

மறுபடி நேர்ந்தால் மாற்றிச் செய்ய வேண்டியவை

முதல் நாளே உற்பத்திப் பதிவேட்டைக் கேட்பேன். நீர் அளவுப் பதிவைப் பார்ப்பதற்கு முன்பே. கடந்த மூன்று மாதத்தில் புதிதாக என்ன செய்யத் தொடங்கினீர்கள் என்ற ஒரு கேள்வி இரண்டு கிழமையையும் ஓடையின் மிக மோசமான நாட்களையும் மிச்சப்படுத்தியிருக்கும்.

மாதிரி எடுக்கும் நாளை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இப்போது ஒரு மாதம் புதன் பிற்பகல், அடுத்த மாதம் வெள்ளி இரவு, அதற்கடுத்த மாதம் நாளின் ஆறு நேரங்களில் எடுத்துக் கலந்த மாதிரி. ஆய்வுகூட வாகனம் வராத நாளில் ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுபோகிறார்கள்.

காரணம் தெரியும் வரை கசட்டில் கைவைக்க மாட்டேன். எடுப்பது ஒரு நாள் வேலை, இந்தக் குளிரில் திரும்ப வளர்க்க ஒன்றரை மாதம் போனது.

பால் அளக்கும் மேசையில் இப்போது ஒரு கொப்பி இருக்கிறது. ஓடையைப் பற்றிப் பால் ஊற்றுபவர்கள் சொல்வதைத் திகதியோடு எழுதி, ஒப்பரேட்டர் கையெழுத்துப் போட வேண்டும். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் அப்படி ஒன்று இருந்திருந்தால் பத்து நாள் முன்னமே தொடங்கியிருப்போம்.

சீஸ் நன்றாக விற்கிறது. கிழமைக்கு ஐந்து நாள் செய்ய இரண்டாவது பாத்திரம் வாங்கப்போவதாகப் போன மாதம் நிலையத்திலிருந்து சொன்னார்கள். கூடும் சீஸ் தண்ணியை யார் எடுப்பார்கள், எடுக்காத நாளில் எந்தத் தொட்டியில் நிற்கும் என்று கேட்டு எழுதியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.